படம் நமக்குப் பிடித்துவிட்டால் போதாதா, விமர்சனம் எதற்கு?

2025 ஏப்ரல் 17

பாம்பனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு நாளாகிறது. விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. அறுபத்தொரு நாளும் கைபேசியில் படம் பார்ப்பதுதான் வேலை. எனக்கு மிகவும் பிடித்த ஒரு படத்தை விமர்சகர் ஒருவர் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். நாக்குக்கு நாக்கு ருசி வேறு. எனக்குப் பிடித்ததைத் தப்பு என்று சொல்ல அவர் யார்? விமர்சனமே வெட்டிவேலை என்கிறேன். முடிந்தால் மறுத்துப் பாருங்கள்.”

மறுக்கிறேன். உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதை உலகத்தில் எவரும் மறுக்க முடியாது. ஆனால் நீங்கள் அதோடு நிற்கவில்லை. படம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்கிறீர்கள். அதைச் சொன்ன மறுகணமே, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை எதிரில் இருப்பவருக்கு வந்துவிடுகிறது. எனக்குச் சீலா மீன்தான் பிடிக்கும் என்று நான் சொன்னால், நகரை மீனுக்கு ஈடாகுமா என்று சிரித்துவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள். இரண்டு நாள் தூக்கம் கெட்டு எழுதிக் கேட்க மாட்டீர்கள். சினிமாவுக்கு மட்டும் இந்தக் கோபம் ஏன் வருகிறது? அவரும் நீங்களும் ஒரே படத்தைத்தான் பார்த்தீர்கள், அதில் இருப்பதும் இல்லாததும் இருவருக்கும் பொது என்று நீங்களே உள்ளுக்குள் நம்புவதால்தான்.

மதிப்பெண் போடுவதைப் பொறுத்தவரை நான் உங்கள் கட்சி. ஆனந்த விகடன் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று போட்டுவந்த காலத்தில், 1977இல் வந்த ‘16 வயதினிலே’ 62 வாங்கியதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். மீதி 38 எங்கே போயிற்று என்று எவரும் சொல்வதில்லை. விமர்சனத்தில் எனக்கு வேண்டியது அந்த 38 பற்றிய பேச்சுதான்.

ஏப்ரல் 18

62 அல்ல, 62.5. மூன்று பேர் திருத்தியிருக்கிறார்கள், அதில் ஒருவர் கோபமாக. நாற்பத்தெட்டு ஆண்டு கழித்தும் அந்த அரை மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்க ஆளில்லை என்பது, மதிப்பெண்ணை யாரும் பொருட்படுத்தக் கூடாது என்று நான் சொல்ல வந்ததைப் பாதி பொய்யாக்கிவிட்டது. இருந்தாலும் கேட்கிறேன்: அந்த அரை, சப்பாணி நடந்த எந்த நடைக்கு?

ஏப்ரல் 22

என் அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் வாதாடுவது சரியல்ல. 1982இல், எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, உச்சிப்புளிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டருக்கு எடுபிடியாக இருந்தேன். ஒரே ஒரு புரொஜெக்டர். அதனால் மூன்று இடைவேளை. விளக்குக்குப் பதில் இரண்டு கார்பன் குச்சிகள் எதிரெதிரே எரியும். எரிய எரிய இடைவெளி கூடும், கூடினால் திரையில் கதாநாயகியின் முகம் மஞ்சள் காமாலை வந்ததுபோல் ஆகும், கொட்டகையிலிருந்து விசில் பறக்கும். அந்த இடைவெளியைக் கவனித்துத் திருகுவதும், ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றுவதும், அறுந்த இடத்தை ஒட்டுவதும் என் வேலை. மிச்ச நேரத்தில் சுவரிலிருந்த சதுர ஓட்டை வழியாகப் படம் பார்ப்பேன். இயந்திரத்தின் இரைச்சலில் வசனம் பாதி காதில் விழாது.

ஒரு படம் ஒரு வாரம் ஓடியது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் எல்லோரும் அந்தப் படத்தைப் பற்றியே பேச ஆரம்பித்துவிடுவீர்கள். மகன் பிழைக்கப் போன இடத்திலிருந்து திரும்பாமல் இருக்க, தாய் ஒருத்தி காத்துக் கிடந்து செத்துப்போகிற கதை. முதல் நாள் இரவு நான் தேம்பி அழுதேன். இரண்டாம் நாளும் அழுதேன். நான்காம் நாள், நான் அழுவதற்குச் சற்று முன்பெல்லாம் கேமரா அந்தத் தாயின் முகத்தை நோக்கி மெல்ல நெருங்குவதைக் கண்டுகொண்டேன். ஐந்தாம் நாள் கண்ணீர் வரவில்லை. கேமரா எப்போது நகரப்போகிறது என்று காத்திருந்தேன், நகர்ந்ததும் கொட்டகையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்குத் திகிலாகவும் இருந்தது, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. ஏழாம் நாளில், எந்தப் பாட்டுக்கு ஜனங்கள் முறுக்கு வாங்க எழுந்து போவார்கள், எந்த இடத்தில் கைக்குழந்தைகூட அடங்கிவிடும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

முதல் நாள் பார்வையை நீங்கள் ருசி என்கிறீர்கள். ஏழாம் நாள் பார்வையை நான் விமர்சனம் என்கிறேன். முதல் நாளே ஏழாம் நாள் கண்ணோடு உட்காரப் பழகியவர்தான் விமர்சகர். அந்தப் பழக்கம் இல்லையென்றால் அவரும் தரை டிக்கெட்தான்.

அதே படத்தை ஒரே ஓர் இரவு பார்த்தவர் என் சின்னையா. தென்கடலில் வல்லம் ஓட்டிய மனிதர், இப்போது எழுபத்தெட்டு வயதாகிறது. வாழ்நாளிலேயே அதுதான் உயர்ந்த படம் என்பார். எதனால் என்று கேட்டால், செத்துப்போன தாய் ஓர் இரவு திரும்பி வந்து, கையில் விளக்கோடு மகனுக்காக வாசலில் நிற்கிற காட்சியைச் சொல்வார். படத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. ஏழு நாள் பார்த்தவன் சொல்கிறேன். விளக்கோடு காத்திருப்பாள், அது உயிரோடிருக்கும்போது. பிடித்துவிட்டது என்பது எவ்வளவு நம்பத்தகாத சாட்சி என்பதற்கு அவரைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 23

தரை டிக்கெட் என்று நான் எழுதியது ஏளனம் என்று ஒருவர் வருந்தியிருக்கிறார். ஐயா, மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து, பின்னால் இருப்பவரிடம் வசவு வாங்கிப் படம் பார்த்த பரம்பரைதான் நானும். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மே 2

சின்னையாவைக் குறைத்து எழுதிவிட்டேனோ என்று பத்து நாளாக உறுத்துகிறது. போன வாரம் அவரோடு உட்கார்ந்து கடலோரக் கதை ஒன்றைக் கைபேசியில் பார்த்தேன். பெரிய இயக்குநர், பெரிய செலவு. புயலில் கதாநாயகன் பாய் விரித்துக் கரை திரும்புகிற காட்சி. சின்னையா மடியில் இருந்த நண்டு வலையிலிருந்து கையை எடுக்காமலேயே, “இது ரெண்டு நாளு காத்து” என்றார். எனக்குப் புரியவில்லை. நிறுத்தச் சொல்லிக் காட்டினார்: படகில் பாய் வலப்பக்கம் புடைத்திருக்கிறது, அதே காட்சிச் சட்டத்தில் கரையிலிருக்கும் தென்னைகள் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. முன்னால் இருப்பதை ஒரு நாளும் பின்னால் இருப்பதை இன்னொரு நாளும் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பதை, கணினி வரைகலை என்ற சொல்லையே கேட்டிராத மனிதர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். நான் படித்த நான்கு விமர்சனங்களும் அந்தக் காட்சியைத் தத்ரூபம் என்று எழுதியிருந்தன.

ஆகவே, ஒன்றை ஆழ்ந்து அறிந்தவனே அதைப் பற்றிய படத்துக்கு நல்ல விமர்சகன் என்று எழுதத் தொடங்கினேன். எழுதும்போதே அது சரியில்லை என்று பட்டது. எங்கள் பக்கத்தில் என் மனைவி அந்தக் காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் இதே கரையில் பிறந்தவள், பாசி எடுக்கிற வீட்டுப் பெண், காற்று தெரியாதவள் அல்ல. தென்னை தப்பாகச் சாய்ந்ததாலேயே அந்தக் காட்சி தோற்றுவிட்டது என்று நான் சொன்னால், அவள் கண்ணீருக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டும். பிழையைக் கண்டுபிடிப்பதும் படத்தை மதிப்பிடுவதும் ஒன்றல்ல என்பது வரைக்கும் வந்திருக்கிறேன். அதற்கு அப்பால் போக இன்றைக்கு என்னால் முடியவில்லை.

மே 5

ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 சதவீதம் வாங்கிய படத்தை உங்கள் சின்னையா குறை சொல்வாரா என்று ஒரு இளைஞர் கேட்கிறார். தம்பி, அந்த 90 என்பது நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் அல்ல; விமர்சகர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பரவாயில்லை என்றோ அதற்கு மேலோ சொன்னார்கள் என்று பொருள். எல்லோரும் சுமார் என்று சொன்ன படம் நூறு வாங்கலாம். பாதிப் பேர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடி, பாதிப் பேர் காறித் துப்பிய படம் ஐம்பதில் நிற்கும். எனக்கு அந்த ஐம்பதைப் பார்க்கத்தான் ஆசை.

மே 9

நாக்குக்கு நாக்கு ருசி வேறு என்ற வாதத்துக்குத் திரும்புகிறேன், ஏனெனில் அதை நான் மேலோட்டமாகத் தள்ளிவிட்டேன்.

டேவிட் ஹியூம் 1757இல் ருசியின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில், ‘டான் கிஹோட்டே’ நாவலில் வரும் ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்துச் சொல்லும்படி இருவரைக் கேட்கிறார்கள். ஒருவர், நல்ல மதுதான், ஆனால் தோல் வாடை லேசாக இருக்கிறது என்கிறார். மற்றவர், நல்லதுதான், ஆனால் இரும்பு வாடை அடிக்கிறது என்கிறார். ஊர் சிரிக்கிறது. பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் தோல்வாரில் கோத்த ஒரு பழைய சாவி கிடக்கிறது. சுவை நாக்கில்தான் இருக்கிறது, ஆனால் நாக்கு தொட்டுச் சொன்ன பொருள் பீப்பாயில் இருந்தது.

இதை ஏலக் கரையில் தினமும் பார்க்கலாம். கூறு கட்டிப்போட்ட மீனை வாங்க வரும் அக்காமார், பிடித்திருக்கிறது பிடிக்கவில்லை என்றெல்லாம் பேசமாட்டார்கள். கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பா, பழுப்பா? வயிற்றை ஒரு அழுத்து. குழி எழும்புகிறதா, அப்படியே நிற்கிறதா? பிறகுதான் விலை. விற்பவர் எத்தனை சத்தியம் செய்தாலும் செவுளைத் திறந்து காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. விமர்சனம் என்று நான் மதிப்பது இந்தக் கட்டைவிரலை. படம் உயர்ந்தது, மட்டம் என்கிற தீர்ப்பை எவரும் தரலாம். எந்தக் காட்சியில், எந்த இடத்தில் என்று தூக்கிக் காட்டுகிறவர்தான் எனக்கு வேண்டியவர்.

இதற்கும் ஒரு மறுப்பு எனக்கே தோன்றுகிறது. செவுள் மீனின் பழமையைச் சொல்லும். விளைமீன் உயர்வா பாறை மீன் உயர்வா என்பதைச் சொல்லாது. அங்கே வந்தால் பாம்பன் வாசகர் சொன்னதுதான் சரி. சினிமா விவாதங்களில் முக்கால்வாசி, ஒருவர் செவுளைக் காட்டிக்கொண்டிருக்க மற்றவர் விளைமீனா பாறையா என்று கத்திக்கொண்டிருப்பதுதான்.

மே 10

விளைமீன்தான். இதில் விவாதம் கிடையாது.

மே 21

படம் வெளியான முதல் மூன்று நாளுக்கு விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர் தரப்பு 2024 இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனதையும், இடைக்காலத் தடை தர நீதிமன்றம் மறுத்ததையும் ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். கொட்டகை வாசலில் மைக்கை நீட்டி, இடைவேளையிலேயே தீர்ப்பு வாங்கும் கூட்டத்தின் மேல் எனக்கும் எரிச்சல் உண்டு. ஆனால் அந்த மூன்று நாளில் விளம்பரம் மட்டும் பேசலாம், பார்த்தவன் பேசக் கூடாது என்பது, கூறு ஏலம் போகும்வரை செவுளைத் தொடாதே என்பதுபோல் இருக்கிறது.

ராமநாதபுரத்தில் பிறந்து, 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஸ்காட் என்ற ஆங்கிலேயர் திருக்குறளைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தி அச்சிட்டதைப் பார்த்து மனம் கொதித்து, படிகள் அத்தனையையும் விலை கொடுத்து வாங்கிக் கொளுத்திவிட்டாராம். சினிமாவில் இது நடக்காது. பிடிக்காத படத்தின் டிக்கெட் அத்தனையையும் ஒருவர் வாங்கினால், தயாரிப்பாளர் வெற்றி விழா வைத்துவிடுவார்.

மே 29

விமர்சகர்கள் ஒருபோதும் தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை என்று பாம்பன் வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1967இல் ‘போனி அண்ட் கிளைட்’ வந்தபோது நியூஸ்வீக் இதழில் ஜோ மார்கன்ஸ்டர்ன் அதை வன்முறைக் குப்பை என்ற தொனியில் எழுதினார். பிறகு பொதுஜனங்களோடு கொட்டகையில் அதை மறுபடி பார்த்தார். அடுத்த வார இதழிலேயே, என் முதல் விமர்சனம் தவறு என்று இன்னொரு விமர்சனம் எழுதினார். அதே படத்தை நியூயார்க் டைம்ஸில் தாக்கிய பாஸ்லி க்ரௌதர் கடைசிவரை அசையவில்லை; அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். 

மார்கன்ஸ்டர்னை மாற்றியது கூட்டத்தின் ருசியா, இரண்டாம் பார்வையா? முதலாவது என்றால் அது சரணாகதி. இரண்டாவது என்றால் அது விமர்சனம். அன்று இரவு அந்த இரண்டையும் அவராலேயே பிரித்திருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். நான் ஓட்டை வழியாக ஏழு நாள் பார்த்தேன் என்று பெருமையடித்தேனே, அந்த ஏழு நாளும் நான் கொட்டகைக்குள் ஒருநாள்கூட உட்காரவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஜூன் 8

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 22இல் எழுதியதில் பாதியை அடித்துவிட்டுப் படியுங்கள்.

இந்த விவாதத்தால் அந்தத் தாய் படத்தைக் கைபேசியில் தேடி, நாற்பத்து மூன்று ஆண்டுக்குப் பிறகு பார்த்தேன். தாய் விளக்கோடு காத்திருக்கிறாள்; சாகிறாள்; மகன் வந்து, மாலை போட்ட படத்துக்கு முன்னால் நிற்கிறான். நான் சொன்ன வரிசைதான். சின்னையா சொன்ன காட்சி இல்லை. வென்றுவிட்டேன் என்று கைபேசியை மூடும்போது என் பின்மண்டையில் ஓர் அடி ஞாபகத்துக்கு வந்தது.

ஆபரேட்டர் அண்ணன் அடித்த அடி. அந்த வாரத்தில் ஒருநாள் ஜெனரேட்டர் நின்றுபோய், டார்ச் வெளிச்சத்தில் ரீல்களை ஒட்டிச் சுற்றினேன். பத்தாவது ரீலும் பதினோராவது ரீலும் இடம் மாறிவிட்டன. ஒரு ரீல் ஆயிரம் அடி, பதினோரு நிமிடம். அன்று இரவு மட்டும், எங்கள் கொட்டகையில், தாய் முதலில் செத்தாள், எடுத்துக்கொண்டு போனார்கள், பிறகு இருட்டில் விளக்கை ஏந்தி வாசலில் நின்றாள், பிறகு மகன் வந்து மாலை போட்ட படத்தைப் பார்த்தான். அண்ணன் ஓட்டையில் கண்டுபிடித்து என்னை அடித்தபோது பாதி ரீல் ஓடிவிட்டது. கொட்டகையில் ஒருவரும் சத்தம் போடவில்லை. வழக்கமாக மூக்கு உறிஞ்சும் இடத்தில் அன்றைக்கு அதுகூட இல்லை, அப்படி ஓர் அமைதி. பயத்தில் நான் அதை வேறு மாதிரி அர்த்தம் செய்துகொண்டேன்.

சின்னையா வந்தது அந்த இரவு. நினைவு பிசகியது அவருக்கு அல்ல. இத்தனை வருடமும், திண்ணையில் நாலு பேர் முன்னால், அப்படி ஒரு காட்சியே இல்லை என்று அவர் வாயை அடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9

அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று எட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. சொன்னால் அவருக்குப் பிடித்த படம் ஒரு பொடியனின் தப்பு என்று ஆகிவிடுமே என்று தயங்குகிறேன். அதே சமயம், தன் ருசி எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது என்று ஏப்ரலிலிருந்து பேசிக்கொண்டிருப்பவனும் நான்தான்.

ஜூன் 15

தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. கரையில் ஐஸ் வண்டிச் சத்தம். கச்சான் காற்று மணலை வாரி வீசுகிறது. சின்னையா திண்ணையில் இருந்தார். சொன்னேன், ரீல் மாறியது, அடி வாங்கியது, எல்லாவற்றையும்.

அவர் அதிரவில்லை. சற்று நேரம் வலை ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அவ எந்தக் கையில விளக்கு வச்சிருந்தா, சொல்லு தம்பி” என்றார். வலது கை என்றேன். விளக்கு வேறு எந்தக் கையில் இருக்கும்? “இடது. சோத்துக் கை தாழ்ப்பாள்ல இருந்துச்சு. கதவத் தட்டுனா ஒடனே தொறக்க. யாரும் தட்டல” என்றார். செத்தவள் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்பாளா என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டே உச்சிப்புளியிலிருந்து நடந்து வந்ததாகவும் சொன்னார். ரீல் மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன். காட்சி தொடங்கும்போது கேமரா தள்ளி நிற்கிறது, முழு உருவமும் தெரிகிறது. அது நாலைந்து நொடிதான். பிறகு அது முகத்தை நோக்கி நெருங்கத் தொடங்குகிறது, நானும் வழக்கம்போல அதோடு நெருங்கிவிடுகிறேன், கைகள் சட்டத்துக்கு வெளியே போய்விடுகின்றன. நாலாவது தடவை முதல் நொடியிலேயே நிறுத்தினேன்.

விளக்கு இடது கையில்தான் இருக்கிறது. வலது கை தாழ்ப்பாளில்.